நாய்க்கடி ஊசி முதல் எலிக்காய்ச்சல் வரை: உங்கள் ஊரில் விழிப்புணர்வு வேலையை நடத்துவது எப்படி?

ஜூலை 6 வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ஒரு பேனர் தொங்கும். ரேபிஸ், எலிக்காய்ச்சல், புரூசெல்லா, ஆந்த்ராக்ஸ், பறவைக் காய்ச்சல் என்று பத்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். கூடவே நாய், பசு, எலி, வௌவால் படங்கள். அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர், மகன் காலில் நாய்க்குட்டியின் பல் பட்ட இடத்தில் சுண்ணாம்பு தடவுவார். பேனரில் எழுதியிருந்தது எதுவும் பொய்யில்லை. அந்த நிமிடத்தில் கை எதைத் தேட வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். அந்த நாளைத்தான் விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். 140 ஆண்டுகளுக்குப் பிறகும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 59,000 பேர் ரேபிஸ் என்கிற வெறிநோயால் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) அண்மைக் கணக்கு இதைவிடக் குறைவு, நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700. எந்தக் கணக்கை எடுத்தாலும், ஊசி இருக்கிற ஒரு நோய்க்கு இது அதிகம்.

ஊர் இளைஞர்கள், மகளிர் குழுவினர், ஆசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள் என்று யார் வேண்டுமானாலும் இந்த வேலையை எடுத்துச் செய்யலாம். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

படி 1: பத்து வேண்டாம், இரண்டைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கூட்டத்தில் பத்து நோய்களைப் பற்றிப் பேசினால் மக்கள் மனதில் ஒன்றும் தங்காது. ரேபிஸ் எல்லா ஊருக்கும் பொது, அதை விட முடியாது. இரண்டாவது நோயை உங்கள் ஊரின் தொழிலும் நிலமும்தான் சொல்லும். நடவுக்குச் சேற்றில் இறங்குகிற ஊரென்றால் எலிக்காய்ச்சல். புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் அதிகமென்றால் ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல். வீட்டுக்கு இரண்டு கறவை மாடு இருந்து, அவ்வப்போது சினை மாடு காலத்துக்கு முன்பே கன்று வீசுகிறதென்றால் புரூசெல்லா என்கிற கன்றுவீச்சு நோய்.

இதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நான்கு பேரைப் பார்த்துப் பேசுங்கள்: கிராம சுகாதார செவிலியர், கால்நடை மருத்துவர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். "இந்த வருஷம் காய்ச்சலுக்கு மாத்திரை எப்ப அதிகமா வித்துச்சு?" என்று மருந்துக்கடையில் கேட்டால் எந்த மாதம் என்று உடனே சொல்லிவிடுவார்.

விலங்கோடு புழங்குகிறவர்களை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு மலேசியாவில் நடந்தது ஒன்று போதும். 1998-99இல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். கொசுவால் வந்ததென்றால் குழந்தைகளுக்கும் வந்திருக்க வேண்டுமே? கடைசியில் அது பன்றிகள் வழியாக வந்த புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிபா. அந்தப் பரவலில் 100 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

படி 2: பேசுவதற்கு முன் ஊசி இருக்கிறதா என்று பாருங்கள்

எங்கள் முதல் கூட்டத்தில் நாங்கள் செய்த தப்பு இதுதான். நன்றாகப் பேசினோம், கைதட்டு வாங்கினோம். அடுத்த வாரம் ஒரு அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போனால் அங்கே இல்லை, இன்னோர் இடத்துக்குப் போனால் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மூன்று பஸ் ஏறி இறங்கினார். "ஊசி போடச் சொன்னீங்களே தம்பி" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாய்க்கடித் தடுப்பூசி எப்போதும் இருப்பில் இருக்கிறதா? மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ கடிபட்டால் எங்கே போக வேண்டும்? ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு சேர்த்துப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து எந்த மருத்துவமனையில் கிடைக்கும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்த மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. தாலுகா மருத்துவமனையா, மாவட்ட மருத்துவமனையா என்று தெரிந்து வைத்திருந்தால் கடிபட்டவர் அலைய வேண்டாம்.

அப்புறம் மூன்று எண்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, உடல்நல ஆலோசனைக்கு 104, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. இவற்றோடு மருத்துவமனையின் பெயரையும் சேர்த்து உள்ளங்கை அளவு சீட்டில் அச்சடித்து, ரேஷன் கார்டு உறையில் செருகி வைக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டினால் அடுத்த மழைக்கு நிற்காது.

படி 3: ரேபிஸ் பற்றிச் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள்

கூட்டத்தில் பாதி நேரம் இதற்கே போகட்டும். ஒரு குடம் தண்ணீர், குழாய் வைத்த வாளி, சலவை சோப்பு, கொஞ்சம் அடுப்புக்கரி, கொஞ்சம் நல்லெண்ணெய். ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் முழங்காலுக்குக் கீழே கரியையும் எண்ணெயையும் குழைத்துத் தடவுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் போகாது. சோப்புப் போட்டு, தண்ணீர் ஓட ஓடத் தேய்த்தால்தான் போகும். ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே கழுவிக் காட்டுங்கள்.

எவ்வளவு நேரம்? 15 நிமிடம். "நல்லாக் கழுவுங்க" என்றால் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மூன்று சினிமாப் பாட்டு முழுசாக ஓடும் நேரம் என்று சொல்லுங்கள், முடிந்தால் செல்போனில் பாட்டை ஓட விட்டே கழுவிக் காட்டுங்கள். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே கூட்டத்தில் யாராவது "இவ்வளவு நேரமா!" என்பார்கள். அவர் ஒருபோதும் மறக்கமாட்டார்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. இவை காயத்தை எரியவைத்துப் புண்ணாக்கும், நேரத்தையும் தின்னும். கட்டுப் போடுவதும் வேண்டாம். தையல் போடுவதா வேண்டாமா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

யாருக்கு ஊசி என்பதை இப்படிப் பிரித்துச் சொல்லலாம். காயமில்லாத தோலில் நாய் நக்கினால், தொட்டால் கழுவினால் போதும். பல்லோ நகமோ பட்டு, ரத்தம் வராமல் கீறியிருந்தால் ஊசி வேண்டும். ரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருக்கிற புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அதைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். நாய் மட்டுமல்ல, பூனையும் குரங்கும் கடித்தாலும் இதே கணக்குத்தான். "சின்னக் குட்டிதானே" என்ற பேச்சே கூடாது.

அரசு மருத்துவமனைகளில் பொதுவாகத் தோலுக்குள் போடும் ஊசி நான்கு தடவை: முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. எங்கள் அனுபவத்தில் ஜனங்கள் கோட்டைவிடுவது கடைசி ஊசியைத்தான். காயம் ஆறிவிடும், பையன் ஓடி விளையாடுவான், வேலையை விட்டுவிட்டு எதற்குப் போவது என்று தோன்றும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி தினசரிக் காலண்டர். ராசிபலன் பார்க்கத் தினமும் யாரோ ஒருவர் தாளைக் கிழிப்பார். முதல் ஊசி போட்ட அன்றே, மீதி நாட்களின் தாள்களில் "முருகனுக்கு ஊசி" என்று சிவப்புப் பேனாவில் எழுதிவிட வேண்டும். அந்தத் தாள் மேலே வருகிற அன்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாள் தவறிப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பயந்து சிலர் போகவே மாட்டார்கள். தவறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அன்றைக்கே போகச் சொல்லுங்கள்.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே" என்று பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அது ஒரு காலத்தில் உண்மைதான். அந்தப் பழைய வகைத் தடுப்பூசியை இந்தியா 2004 கடைசியில் நிறுத்திவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. கறி சாப்பிடக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்ற பத்தியமும் கிடையாது. ஊர்ப்பெருமை பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி: நம் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நாய்க்கடி மருந்துக்கென்றே எழுந்தது. இந்த மருந்துக்கு நம் மலையிலேயே நூறாண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது.

அடுத்தது பத்து நாள் கணக்கு. கடித்த நாயை 10 நாள் கவனிக்க வேண்டும் என்பதை "பத்து நாள் பொறுத்துப் பார்த்துட்டு ஊசி போடலாம்" என்று திருப்பிக்கொள்கிறார்கள். ஆபத்தான தப்பு. ஊசியை இன்றே தொடங்க வேண்டும், நாயைக் கட்டிவைத்துக் கவனிப்பது பக்கத்தில் நடக்கட்டும். 10 நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், மீதி ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும்.

மாடு வைத்திருப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. வெறிநோய் கண்ட மாடு விடாமல் கத்தும், எச்சில் ஒழுகும், தீவனம் விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது நம் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள், 1962க்கு அழையுங்கள். கையை விட்டிருந்தால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்திருந்தால் கலங்க வேண்டாம்.

நோய் முற்றி, தண்ணீரைக் கண்டு மிரளுகிறவரின் வீடியோவைப் போட்டுக் காட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அது இன்னொருவர் வீட்டுத் துக்கம். அதோடு, பயந்துபோன பிள்ளை நாய் கடித்ததை வீட்டில் மறைக்கும். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்று ஒரே ஒரு தடவை, நிதானமாகச் சொன்னால் போதும்.

படி 4: உங்கள் ஊரின் இரண்டாவது நோய்

இதில் நோய் விவரத்தைவிட, டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுங்கள். "மூணு நாளா காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வருவார்கள். "மூணு நாளா காய்ச்சல், போன வாரம் சேத்துல நடவு நட்டேன்" என்றால் டாக்டர் வேறு கோணத்தில் பார்ப்பார்.

எலிக்காய்ச்சல், எலி மற்றும் கால்நடைகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியாக உடலுக்குள் போவதால் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை பிழிந்தெடுப்பதுபோல் வலிக்கும், கண் சிவக்கும். முற்றினால் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இது பெருகியது. வயலில் இறங்குவதற்கு முன் வெடிப்பை மூடுங்கள், ஏறியதும் சோப்பால் கழுவுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. பெயர் உண்ணி என்றாலும் மாட்டின் மேல் ஊரும் உண்ணி வேறு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வெட்கத்தில் காட்ட மாட்டார்கள். அதனால் பெண்களுக்கு இதைப் பெண்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும். ஆனால் அதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

கன்றுவீச்சு நோயில் மாடு கன்று வீசும், மனிதருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வாரக்கணக்கில் படுத்தும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகப் புதையுங்கள். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். பச்சைப் பால் குடிக்கக் கூடாது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு அரசு தடுப்பூசி போடுகிறது, வாழ்நாளில் ஒரு தடவை போதும்.

அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் எல்லா ஊரிலும் வராது. ஆனால் திடீரென்று செத்த ஆட்டுக்கோ மாட்டுக்கோ மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் அதை அறுக்கவே கூடாது, தோலுரிக்கக் கூடாது, கூறு போட்டு விற்கவும் கூடாது. ஏழை வீட்டில் ஓர் ஆடு செத்தால் பாதி விலையாவது தேறட்டும் என்று தோன்றுவது இயல்பு. அதனால் இதைக் கண்டிப்பாகப் பேசாமல் பரிவோடு பேசுங்கள்.

படி 5: ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தால் வருவது நாற்காலி போட்டவரும் மைக்செட்காரரும்தான். காலையில் பால் ஊற்ற சொசைட்டிக்கு வருகிறவர்கள் வரிசையில் எப்படியும் நிற்கிறார்கள், அங்கே பத்து நிமிடம் பேசலாம். நூறு நாள் வேலை நடக்கிற இடம், ரேஷன் கடை வரிசை, டீக்கடை எல்லாம் நல்ல இடங்கள். கிராம சபை ஆண்டில் ஆறு தடவை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்" என்று அங்கே தீர்மானம் போட்டால் காகிதத்தில் நிற்கும்.

மேடைப் பேச்சாளரைத் தேடாதீர்கள். போன வருஷம் கடிபட்டு, நான்கு ஊசியையும் போட்டு முடித்த அக்கா ஒருவர் இரண்டு நிமிடம் பேசினால் எங்கள் அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் எடுபடுகிறது.

பார்வை பார்ப்பவரும் மந்திரிப்பவரும் ஊரில் இருப்பார்கள். மேடையில் அவர்களைக் கேலி செய்தால் பாதி ஊர் எழுந்து போய்விடும். கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்த் தாத்தா ஒருவரிடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: "தாத்தா, நீங்க மந்திரிங்க, வேண்டாங்கல. ஆனா வந்ததும் முதல்ல சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. ஊசி போட்டுட்டு வா, அப்புறம் மந்திரிக்கிறேன்னு அனுப்பிடுங்க." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊசிச் சீட்டைக் காட்டுனாத்தான் திருநீறு தருவேன்னு சொல்லிடறேன்" என்றார். அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்றே விஷயம் போதும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே. துரத்தினால் ஓடாமல் மரம்போல அசையாமல் நில். கடித்தாலோ கீறினாலோ அன்றைக்கே வீட்டில் சொல். இதன் மறுபாதியைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்: சொல்கிற பிள்ளையை அடிக்காதீர்கள்.

படி 6: நாய்களுக்கும் ஊசி

மனிதருக்கு ரேபிஸ் வருவதில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் வீடு வீடாகவும் தெருத்தெருவாகவும் நாய்களுக்கு ஊசி போட்டு, பள்ளிகளிலும் பாடம் சொல்லி, நோய்க் கண்காணிப்பையும் சேர்த்துச் செய்ததில் நாய்களிடம் ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது.

ஊரில் எத்தனை நாய் என்று முதலில் எண்ணுங்கள். விடியற்காலையில் தெருவுக்கு இருவராகப் போனால் ஒரு மணி நேர வேலை. கால்நடை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்து முகாம் தேதி வாங்குங்கள். தெருநாயைப் பிடிக்கத் தெரிந்தவர் அதற்குத் தினமும் சோறு வைக்கிறவர்தான், அவரை முகாமுக்குக் கட்டாயம் அழையுங்கள். ஊசி போட்ட நாய்க்கு முதுகில் ஒரு சாயக்கோடு. குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நாய் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அங்கே சண்டையைத் தொடங்குவார்கள், விட்டுவிடாதீர்கள். "இன்னிக்கு ஊசி மட்டும்" என்று சொல்லி வேலையைப் பாருங்கள்.

படி 7: எது பரவாது என்பதையும் சொல்லுங்கள்

மாட்டுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது பால் வாங்குவதையே நிறுத்திய வீடுகள் உண்டு. அது மனிதருக்குப் பரவாது. கோமாரியும் மனிதருக்கு வந்து வாட்டுகிற நோயல்ல. காய்ச்சிய பாலையும் நன்றாக வேகவைத்த கோழியையும் முட்டையையும் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நாலு மாடு வைத்திருப்பவர் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

படி 8: ஒரு நாற்பது பக்க நோட்டு

எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்று எண்ணிப் பயனில்லை. மகளிர் குழுவில் ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். கடிபட்டவர் பெயர், தேதி, கழுவினாரா, அப்புறம் ஊசி நாட்களுக்கு நான்கு கட்டம். நோட்டு அவரிடமே இருக்கட்டும், நோயாளியின் விவரம் ஊர்ப் பேச்சாகக் கூடாது. மூன்று மாதம் கழித்து, கூட்டத்துக்கு வராத பத்து வீட்டுக்குப் போய் "நாய் கடிச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஏழு வீட்டில் சோப்பு என்று சொன்னால் வேலை நடந்திருக்கிறது. சுண்ணாம்பு என்று சொன்னால் அந்தத் தெருவில் மறுபடியும் வாளியோடு போய் நிற்க வேண்டும்.

எங்கள் நோட்டில் 28ஆம் நாள் கட்டம் காலியாக இருந்தால், அந்த அக்கா மறுநாள் காலையிலேயே அந்த வீட்டு வாசலில் நிற்பார். கையில் பஸ் காசும் இருக்கும்.